முகம் தெரியாதவளுக்கு ஒரு பாட்டு

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற தம்பிக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷத்தில் ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை. அந்த நல்ல பேரை யாரும் பிடுங்க முடியாது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "எனக்குன்னு ஒருத்தி எங்கேயோ இருக்காக்கா" என்பான். எங்கேயோ என்றால் எங்கே? அதைக் கேட்டுக் கேட்டு, கடை நடத்துகிற அக்காவுக்குக் காது புளித்துவிட்டது.

லீவு நாளில் டயர் கடைக்காரனை டிரம்ஸ் அடிக்கவிட்டு, இவன் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவளுக்காக ராக் பாட்டுப் பாடுவான். பாட்டா அது? பல் பிடுங்குகிற இடத்தில் கேட்கிற சத்தம். "முகம் தெரியாதவளே, ஆயிரம் வருஷம் காத்திருப்பேன்" என்று அதையே நாற்பது தடவை. முகம்தான் தெரியாது, கண் மட்டும் கடல் மாதிரியாம்! டயர்காரன் அதைச் சலவைக்கடை விலாசத்தோடு இன்டர்நெட்டில் வேறு ஏற்றிவிட்டான்.

ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். செருப்புக்கடையில் வேலையாம். எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"அந்தப் பாட்டு எனக்குப் பாடினதுன்னே தோணுச்சு. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். நாலு மணிக்குத் திரும்ப பஸ்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பயணத்தில் கசங்கிய அவள் கோட்டை வாங்கித் தம்பி கையில் திணித்தாள்.

"பார்த்துப் போடுடா."

அவனோ இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். கடலைக் காணோம், மூக்குக்கண்ணாடிதான் இருந்தது. பாட்டில் வருகிறவள் வாயே திறக்க மாட்டாள். இவள் தண்ணீர் கேட்டாள், பாத்ரூம் எங்கே என்றாள். புகை வந்தது. கோட்டின் முதுகில் பெட்டி அளவுக்கு ஓட்டை.

"ஆயிரம் வருஷம் காத்திருப்பேன்னீங்க, ஒரு நிமிஷம் பெட்டிய கவனிக்க முடியலையா?" என்று அவள் சிரித்துவிட்டாள். "சரி, போகட்டும். என்னைப் பிடிச்சிருக்கா? அதைச் சொல்லுங்க."

நல்ல சிரிப்பு. அக்காவே மயங்கிப்போனாள். அந்த மடையன் வாயைத் திறந்தான்:

"நீங்க போயிட்டா பாட்டு இன்னும் நல்லா வரும்னு தோணுது."

அவள் ஓட்டைக் கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்கா தன் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டு, பஸ் நிலையம்வரை கூடவே போனாள்.

"அவன் கெட்டவன் இல்லம்மா."

"தெரியுதுக்கா. ஆனா வீடு பூரா அந்தப் பாட்டுல வர்றவளே நிறைஞ்சிருக்காளே, நான் எங்க உட்கார?"

அக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது தம்பி கிட்டாரும் கையுமாக இருந்தான். கண்ணில் நிஜமான தண்ணீர்.

"அக்கா, 'பிரிஞ்சு போனவளே'ன்னு தானா வருது, கேளேன்!"

"டேய், பஸ் இன்னும் முனை சிக்னல்லதான் நிக்குது. ஓடுடா!"

"இரு அக்கா. இந்த ஒரு வரிய முடிச்சிடுறேன்."