கூட இருக்க ஆள்

“…டாக்டர் நல்லவரு, பெட்டு நல்லாருக்கு, சன்னல்ல பனி கொட்டுறது தெரியுது, எல்லாம் சரிடா சாமு. நான் கேட்டது அது இல்ல. கூட இருக்க ஆளு யாரு?”

கேட்டவர் என் தாத்தா ஆசீர்வாதம். அவர் பேசியது சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவிலிருந்து. நான் படுத்திருந்தது டென்மார்க்கில், ஓடென்சே நகரத்து ஆஸ்பத்திரியில். இரண்டாயிரத்துப் பதினொன்று பிப்ரவரி மாதம். பித்தப்பையில் கல், மறுநாள் காலை ஆபரேஷன். கடலூரில் அப்பா அம்மாவிடம் சொன்னால் அழுது தெருவையே கூட்டிவிடுவார்கள் என்று தாத்தாவிடம் மட்டும் சொன்னேன். “யாரும் இல்ல தாத்தா. இங்க அந்தப் பழக்கம் கெடையாது” என்றதும் மறுமுனை ஊமையாகிவிட்டது. தாத்தாவின் வாய் சும்மா இருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இங்கே வந்து மூன்று வருஷமாக ஓர் இந்திய ஓட்டலில் சமைத்துக்கொண்டிருந்தேன். குளிர் பழகிவிட்டது, நாலு மணிக்கே இருட்டுவதும் பழகிவிட்டது. அன்று காலை கொடுத்த படிவம்தான் விளங்கவில்லை. ‘பொரோரென’ என்று ஒரு கட்டம். நெருங்கிய உறவின் பெயரும் விலாசமும் எழுத வேண்டுமாம். தாத்தா பெயரைப் போட்டு, செம்மண்டலம், கடலூர் என்று எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் அக்கறையாகப் படித்துப் பார்த்துவிட்டு, “இவரால் நாளை மறுநாள் வந்து உங்களைக் கூட்டிப்போக முடியுமா?” என்றாள். “அவருக்கு ரொம்ப தூரம்” என்றேன். “பரவாயில்லை, நேர் பஸ் இருக்கும்” என்றாள். பக்கத்துத் தீவில் ஏதோ ஊர் என்று நினைத்திருக்க வேண்டும். இந்தியா என்று சொன்னதும் சிரித்து, கட்டிலோரம் தொங்கிய பொத்தானைக் காட்டி, “கவலை வேண்டாம், இதை அழுத்தினால் நாங்கள் வருவோம்” என்றாள். நல்ல பெண். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பொத்தானின் பெயர் ஆசீர்வாதம். அழுத்தக்கூட வேண்டாம், தானாகவே வந்து நிற்கும்.

நம் ஊர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டில் கிடைப்பதற்கு முன்பே “கூட இருக்க ஆளு யாரு?” என்றுதான் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். மருந்து வாங்க, வெந்நீர் பிடிக்க, டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தாத்தா அரசாங்கக் கிடங்கு ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து வருஷம் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர் அதன்பிறகு கர்த்தருக்காக உட்கார ஆரம்பித்தார் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வோம். அது ஆரம்பித்தது சுனாமி அன்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடியும் முன்பே செய்தி வந்துவிட்டது. புது வேட்டியோடு கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கலியபெருமாள் என்ற மீனவருக்குக் கால் நசுங்கியிருந்தது. சிதம்பரத்துக்கு அனுப்ப வண்டியில் ஏற்றினார்கள். அவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூட இருக்க ஆள் யார் என்று கேட்டார்கள். தாத்தா கையைத் தூக்கினார்.

பத்தொன்பது நாள் இருந்தார். கட்டிலுக்கு அடியில் பாய், தலைமாட்டில் ஃபிளாஸ்க், சட்டைப் பையில் புதிய ஏற்பாடு. வேதத்தை அடுத்தவருக்கு வாசித்துக் காட்டமாட்டார், தனக்குத்தான் வாசித்துக்கொள்வார். ஆனால் கீர்த்தனையை மட்டும் வார்டுக்கே பாடுவார். அந்த ராகம் எங்கள் கோயிலிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. மூன்றாம் நாள் கலியபெருமாள் கும்பிட்டாராம்: “மாமா, கால் வலியக்கூட பொறுத்துக்குவேன். பாட்ட மட்டும் கொஞ்சம் நிறுத்துங்க.” கலியபெருமாளின் குப்பத்தில் இன்றைக்கும், தாத்தா பாட்டுக்குப் பயந்துதான் நோயாளி சீக்கிரம் குணமாகிறான் என்பார்கள். பிறகு கடலோரத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் ஆம்புலன்ஸ், அடுத்த போன் தாத்தாவுக்கு. எங்கள் பாஸ்டர் அலுத்துக்கொள்வார்: “பெரியவர கோயில்ல புடிக்க முடியல. சிதம்பரம் வார்டுல போயி காணிக்கத் தட்ட நீட்டுனாதான் உண்டு.” தாத்தாவோ, “அங்க ஒக்காந்துகினே ஜெபம் பண்றேன் அய்யா, இங்க ஒக்காந்தா தூக்கம் வருது” என்பார்.

அவருக்கு டென்மார்க் என்றால் தனி மரியாதை. மேல்பட்டாம்பாக்கத்தில் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர் அவர். அவர் கண்ட டேனிஷ்காரர்கள் எல்லோருமே மிஷனரிகள். ஆகையால் டென்மார்க் பூராவும் விடிந்தால் ஜெபம், பொழுது சாய்ந்தால் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார். இங்கே ஞாயிறு ஆராதனைக்கு ஏழு பேர்தான் வருகிறார்கள் என்று ஒருமுறை உளறிவிட்டேன். “அப்ப எட்டாவது நீயா?” என்றார். நான் பனியைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

அந்தத் தாத்தாதான் அன்று வாய் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, “இத்தினி பேருக்கு ஒக்காந்தேன். எம் பேரன் பக்கத்துல ஒரு ஆளு இல்ல” என்றார். “சின்ன ஆபரேஷன் தாத்தா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடுவேன்.” “சரி, வை.” வைத்துவிட்டார். நான் உண்மையிலேயே பயந்தது அப்போதுதான். ஜெபம் பண்ணாமல் அவர் போனை வைத்ததே இல்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து கேட்டாலும் அந்த ஜெபம் ‘அயல்நாட்டில் வாழும் இந்த வாலிபன்’ வரைதான் வந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. என்னைவிட அவர்தான் தூங்கமாட்டார் என்று தோன்றியது.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று தலை நரைத்த ஒரு டேனிஷ் மூதாட்டி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபிளாஸ்க். “என்னா தம்பி, முழிச்சிக்கிட்டியா? தண்ணி கேக்காத, இப்பக் குடுக்கக்கூடாது” என்றார். மயக்க மருந்தின் வேலை என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

“நாந்தான் கிர்ஸ்தன் அம்மா. மேல்பட்டாம்பாக்கத்துல நர்ஸா இருந்தேன். ஒன் தாத்தா டெலிபோன் பண்ணாரு.” இருவரும் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் கடிதம் போடுகிறவர்களாம். புதிய ஏற்பாட்டுக்குள் மடித்து வைத்திருந்த கடிதத் தாளின் மூலையில் இருந்த எண்ணைப் பிடித்துத் தாத்தா சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார். எண்பத்து மூன்று வயதில், பனியில், நியூபோர் என்ற ஊரிலிருந்து இவர் ரயிலேறி வந்திருக்கிறார். “வரமுடியுமான்னு கேக்கல தம்பி. எந்த ரயிலுன்னுதான் கேட்டாரு.”

கிர்ஸ்தன் அம்மா நம் ஊரைவிட்டு வந்து முப்பத்தைந்து வருஷம். அவருடைய தமிழ் அங்கேயே நின்றிருந்தது. நெல்லிக்குப்பம் சினிமாக் கொட்டாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். என் தமிழும் நான் விமானம் ஏறிய அன்றோடு நின்றிருக்குமோ, யார் கண்டது. தாத்தாவுக்குப் பதினாறு வயதில் டைபாய்டு வந்த கதையை அவர்தான் சொன்னார். “அப்பா அம்மா இல்லாத புள்ள. கூட இருக்க ஆளு இல்ல. பதினோரு நாள் நான் ஒக்காந்தேன். கஞ்சி குடுத்தா துப்புவாரு. எம்மாம் அடம் தெரியுமா? பாட்டு பாடித்தான் முழுங்க வெச்சேன்.” அந்தக் கீர்த்தனையை முனகிக் காட்டினார். எங்கும் இல்லாத அந்த ராகம் அப்படியே வந்தது. தாத்தா எங்களிடம் அந்தப் பதினோரு நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து நின்றாள். கிர்ஸ்தன் அம்மா டேனிஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது நடுவில் வந்த மூன்று வார்த்தைதான்: ‘கூட இருக்க ஆளு’. அதற்கு அந்த மொழியில் சொல் கிடைக்கவில்லை போலும். நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய் ஒரு கோப்பை காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

தாத்தாவைக் கூப்பிட்டேன். “ஆளு வந்துட்டாங்களா?” என்றார், ஹலோ கூடச் சொல்லாமல். போனைக் கிர்ஸ்தன் அம்மாவிடம் கொடுத்தேன். “ஆசீர்வாதம், ஒன் பேரன் பரவால்ல, ஒன்ன மாதிரி துப்பல” என்றார் கிர்ஸ்தன் அம்மா. தாத்தா சிரித்தது எனக்கே கேட்டது. போன் என் கைக்குத் திரும்பியபோது தாத்தாவின் குரல் இளகியிருந்தது. “அப்பச் சரிடா. இங்க காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரர் ஒருத்தரு படுத்திருக்காரு. ரெண்டு புள்ளைங்க. பெரியவன் வருவான்னு சின்னவனும், சின்னவன் வருவான்னு பெரியவனும் இருந்துட்டானுவ. கஞ்சி ஆறுது” என்றார். போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணி உரசியது, செருப்பு தேய்ந்தது. கிர்ஸ்தன் அம்மாவும் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். கிண்ணத்தில் ஸ்பூன் தட்டியது. “வாயத் தொறங்க மொதலாளி,” என்று சொல்லி, தாத்தா அவருக்குக் கஞ்சியை ஊட்ட ஆரம்பித்தார்.