ஐந்தாவது பொருள்

பியோ மால்-சூன் எங்கள் மூன்றாம் கட்டடத்தின் படிக்கட்டுகளைத் துடைக்க வந்தது 2019 மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அதற்கு முன் இருபத்தாறு வருடம் கொரியாவின் மேற்குக் கரையில், குன்சான் துறைமுகத்தில் சிப்பி பிரித்தவர். இரண்டு சிப்பிகளைத் தட்டினால், உள்ளே உயிர் இருக்கிறதா வெறும் சேறா என்று அந்த வேலைக்காரர்கள் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். அந்தக் காதோடும் விரல்களோடும்தான் எங்கள் குப்பைப் பைகளிடம் வந்து சேர்ந்தார்.

கட்டிவைத்த பையை ஒருமுறை தூக்குவார், ஒருமுறை அழுத்துவார். "இதுல இஸ்திரிப் பெட்டி இருக்கு" என்பார். பிரித்தால் இருக்கும்.

பழுதான சிறு மின்சாதனங்களை இலவசமாக எடுத்துப்போக ஒரு வண்டி உண்டு. ஐந்து சேர்ந்தால்தான் வரும். ஒரே ஒரு கெட்டில் கெட்டுப்போன வீட்டுக்காரர் இன்னும் நான்கு கெடும்வரை காத்திருப்பாரா? பைக்குள் திணித்துவிடுவார். மால்-சூன் அதை வெளியே எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே, கிம்ச்சி ஊறுகாய் போடும் ஒரு பெரிய தொட்டியில் போட்டுவைப்பார். ஐந்து சேர்ந்ததும் வண்டியைக் கூப்பிடுவார். கட்டடச் செயலாளர் என்ற முறையில் நான் எழுதிவைத்த கணக்கு: சென்ற டிசம்பர் வரை 385 பொருள்கள், 612 கிலோ. எரித்திருந்தால் அத்தனை பிளாஸ்டிக்கும் புகையாகியிருக்கும். புதைத்திருந்தால் ஈயம் மண்ணில் இறங்கியிருக்கும்.

சென்ற ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலை என் வீட்டு மணி அடித்தது. மால்-சூன் கையில் என் பேட்டரிக் கைவிசிறி.

"ஐயா, இது உங்களதா?"

"ஆமா. ஓடல, அதான்..."

"விசிறி செத்தா பேட்டரியும் செத்துடுமா? குப்பை வண்டியில நசுங்கினா பத்திக்கும். அந்த வண்டிப் பின்னால தொங்கிட்டுப் போறது என் மருமகன்!"

முந்தைய வாரம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு குப்பை வண்டி அப்படி எரிந்தது. அந்தச் செய்தியை வெட்டித் தேதியோடு ஒட்டிவைத்திருந்தேன். ஆனாலும் விசிறியைப் பையில் போட்டவன் நானே.

பேட்டரி விஷயம் குடியிருப்பின் நிர்வாக அலுவலர் காதுக்குப் போனது. ஓடிவந்தார்.

"படிக்கட்டுக்குக் கீழ இதெல்லாமா? வியாழன் பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணுங்க. இல்லன்னா எல்லாத்தையும் நானே குப்பைப் பையில கட்டிடுவேன்."

தொட்டியில் இருந்தவை விசிறியோடு நான்கு. வியாழன் பதினொன்றரைக்கு வண்டியை வரச் சொல்லிவிட்டு, மால்-சூன் பதினைந்து மாடியும் ஏறி இறங்கினார். ஒன்பதாம் மாடிப் பெண் தன் சோறு வேகவைக்கும் குக்கரை நீட்டினாள்.

"இத எடுத்துக்கங்கம்மா. புதுசு வாங்க எனக்கும் ஒரு சாக்கு வேணும்."

"சோறு வேகுதா?"

"நல்லாவே வேகுது."

"அப்ப ஆக்கித் தின்னுடீ. செத்தது நாலோட உசிரோட இருக்கறதையும் சேத்து அனுப்பச் சொல்றியா?"

ஐந்தாவது கிடைக்காமல், வியாழன் பதினொன்று ஐந்துக்கு மால்-சூன் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுச் சாதனங்களுக்கு நான் வைத்திருக்கும் நோட்டை எடுத்தேன். வாங்கிய தேதி, பழுதான தேதி, வெளியேற்றிய தேதி. முப்பத்தொன்றாம் வரியில் மின்சார ஷேவர்: 2009இல் வாங்கியது, 2016இல் பழுது. மூன்றாம் கட்டம் காலி.

"அப்ப அது இந்த வீட்லதான் இருக்கு!" என்று செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். நான் மேசை இழுப்பறைகளைத் தேடினேன். அவர் அலமாரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினார். பதினொன்று இருபத்துநான்குக்கு ஒரு பெட்டியிடம் நின்றார்.

"இதுல சேறு."

திறந்தால் ஷேவர்.

வண்டிக்காரர் எண்ணிப் பார்த்தார். "நாலுன்னா திரும்பிப் போயிருப்பேன்." விசிறியை மட்டும் தனியாக மணல் வாளிக்குள் வைத்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அலுவலர் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"காலியா?"

"காலிதான். தொட்டி மட்டும் இங்கதான் இருக்கும்" என்றார் மால்-சூன்.

நான் குனிந்து வணங்கினேன். "ரொம்ப நன்றிம்மா. என்னால ஒருத்தன் கை வெந்திருக்கும்."

"அத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சனிக்கிழம குப்பை வண்டி வரும், என் மருமகன்கிட்டயே சொல்லுங்க."

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குக் கீழே போய் நின்றேன். வண்டியின் பின்னால் தொங்கிவந்த இளைஞன் குதித்து இறங்கினான். அவனுக்கு எதுவும் தெரியாது.

"என்ன தாத்தா, பை போடணுமா?"

"இல்லப்பா. உன்னப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் சிரித்தான். பைகளை ஏற்றிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி நகர்ந்தது. அது தெரு திரும்பும்வரை வணங்கியபடியே நின்றேன்.