'அது வந்து' வெட்டிய நாட்கள்

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். ஒரு நாளைக்கு ஆறோ ஏழோ வரும். போன வாரம் வந்த ஒரு செய்தி மூன்று நிமிடம் ஓடியது. விஷயம் என்று பார்த்தால் அதில் ஒரு வரிதான்: தண்ணீர் லாரி வரவில்லை. மீதியெல்லாம் "அது வந்து". "அது வந்து இன்னா ஆச்சின்னா...", "அவன் அது வந்து இன்னா சொல்றான்னா..." நடுவில் குக்கர் கூவுகிறது. பேச்சை நிறுத்தி, "ரெண்டு" என்று எண்ணிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். கடைசியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இப்போது கம்பெனிகளுக்குப் பாட்காஸ்ட் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். பெரிய அதிகாரிகள் வந்து பேசுவார்கள். அவர்கள் தடுமாறும் இடங்களையெல்லாம் நான் எடுத்துவிடுவேன். "அது வந்து"களை வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றால் பெரிய பொய்யாகாது. அம்மாவின் செய்தியைக் கேட்கும்போதும் வலது கை தானாக மவுஸைத் தேடும். அன்றைக்கு மட்டும் கையை மூக்கு முந்திக்கொண்டது. குக்கர் கூவினால் மற்றவர்களுக்குச் சோறு மணக்கும். எனக்குப் புது ரப்பர் மணக்கும்.

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில்தான் என் முதல் வேலை. குக்கர் உதிரிபாகங்கள் மொத்த விற்பனை: மூடிக்குள் போடும் ரப்பர் வளையமான கேஸ்கெட், வெயிட், கைப்பிடி. ஒரு பக்கம் துணிக்கடை, மறுபக்கம் கறிக்கடை. உள்ளே நுழைந்தால் அந்த இரண்டு வாசனையையும் அமுக்கிவிட்டு ரப்பர் வாசனை நிற்கும். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். "டயர் கம்பெனியில சேர்ந்துக்கினியா இன்னா?" என்று அம்மா முகர்ந்து பார்ப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கியவர். அம்மா பிரேசர் டவுனில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நான் பி.காம். முதல் வகுப்பு. கேட்காதவர்களிடம்கூட இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். உங்களிடமும் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடிதம் எழுதத்தான் என்னை வேலைக்கு வைத்தார். ஒருநாள் பேப்பரை நீட்டினார். பெரிய கம்பெனிகளெல்லாம் வாடிக்கையாளருடன் பேச வலைப்பதிவு தொடங்குகின்றன என்று அதில் போட்டிருந்தது.

"இது என்னமோ பிளாகாம் மா. காசு வேணாமாம். நமக்கும் ஒண்ணு போடு."

போட்டேன். கல்லூரியில் ஒரு தோழி சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் பாய் நாற்பது வருடம் கடிதம் எழுதி வியாபாரம் செய்தவர். பதிவு என்றாலும் மேலே எண் வேண்டும், "ஐயா" வேண்டும், கீழே "இப்படிக்கு, கடைக்காக" வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்டேன்.

"நக்கோ மா, வேணாம். பேசுறது நீயா? கடை பேசுது. கடைக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

இப்படியாக, உலகத்திலேயே கடித எண் போட்டு வெளிவந்த ஒரே வலைப்பதிவு எங்களுடையதாக இருக்கும். கேஸ்கெட்டை எப்போது மாற்ற வேண்டும், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாரம் ஒன்று, என் முதல் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதினேன். யாரும் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கருத்து வந்தது. "மிக அருமையான தகவல், எங்கள் தளத்துக்கும் வருகை தாருங்கள்." ஏதோ ஓர் இயந்திரம் எல்லார் வாசலிலும் எறிந்துவிட்டுப் போகும் விளம்பரம் அது என்று எங்களுக்குத் தெரியாது. பாய் கடை முழுக்க டீ சொன்னார். "தங்கள் மேலான கருத்து கிடைக்கப்பெற்றோம்" என்று என்னைப் பதில் எழுத வைத்தார். அந்த இயந்திரத்துக்கு அப்படியொரு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

வீட்டில் வேறு கதை. எங்கள் தெருவில் அப்போது "பிளாக்" என்றால் ஒன்றுதான்: தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பது. "என் பொண்ணு பிளாக்குல கீறா" என்று அம்மா குழாயடியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு மேரி அக்கா சாயங்காலமே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம ஷோவுக்கு ரெண்டு டிக்கெட்டு கெடைக்குமா? நம்ம தெருப் பொண்ணு, பாத்து குடு."

அவர் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினாள். "இதுக்காடி உன்ன படிக்க வெச்சேன்? நாலு வூட்டு பாத்திரம் தேச்சி?"

விளக்கினேன். ஒரு பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு அம்மா அதை வாங்கினாள்.

"இதுல உன் பேரு எது?"

"பேரு போட மாட்டாங்கம்மா. கடைப் பேருதான்."

"எழுதினது நீதான?"

"நான்தான்."

நம்பினாளா என்று தெரியவில்லை. அந்தத் தாளைப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்தாள். எனக்கு அது குறையாகவே இருந்தது. அவள் பாத்திரம் தேய்த்து உண்டாக்கிய ஒன்றை அவளால் படித்துப் பார்க்க முடியவில்லையே என்பது ஒரு குறை. அதைவிட, உண்மையைச் சொன்னால், அவள் என்னைப் பார்த்து வியக்க முடியவில்லையே என்பது பெரிய குறை.

வழி காட்டியது அத்திபெலேயில் பாத்திரக்கடை வைத்திருந்த நாகராஜ் அண்ணா. சரக்கு எடுக்க வருவார். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். பதிவைப் படித்தீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"ஓதோகே டைம் எல்லி இதே மேடம்? படிக்க நேரம் ஏது? கையெல்லாம் எண்ணெயா இருக்குது. காதுதான் சும்மா இருக்குது. ரேடியோல சொல்றமாதிரி சொல்லுங்க, கேட்டுக்கினே ரிப்பேர் பண்ணுவேன்."

கேட்க முடியும்! எனக்குச் சட்டென்று அம்மாவின் காது நினைவுக்கு வந்தது. அன்றே பாட்காஸ்ட் என்றால் என்ன என்று தேடிப் படித்து பாயிடம் சொன்னேன். முதலில் அவரே பேசினார். ஒலிவாங்கியைக் கண்டதும் மேடையில் நிற்பவரைப் போலக் குரல் ஏறிவிட்டது; நான்காவது வரியில் இருமல். "அரே, இது நமக்கு ஆகாது. நீ பேசு மா. பேரு மட்டும் வேணாம். கடை பேசுது."

சரக்கறையில், கேஸ்கெட் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தமிழில் பேசினேன். அத்தனை ரப்பருக்கு நடுவில் எதிரொலியே இருக்காது. மின்விசிறியை நிறுத்திவிடுவதால் வேர்த்துக் கொட்டும். பக்கத்தில் கறி கொத்தும் சத்தம் நின்றால் நான் தொடங்குவேன். கொத்தத் தொடங்கினால் நிறுத்துவேன்.

பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டேன். கணினியிலிருந்து எங்கள் தெரு பேசியது. "கேஸ்கெட்டு லூஸா கீதுன்னா, அது வந்து இன்னா பண்ணனும்னா..."

கல்லூரியில் முதல் வாரம், "புக்கு அங்க கீது" என்று சொன்னதற்காக ஒரு வருடம் முழுவதும் என்னைக் "கீது" என்றே கூப்பிட்டார்கள். அதனால் உட்கார்ந்து வெட்டினேன். குரல் திரையில் அலையலையாகத் தெரியும். "அது வந்து"வின் உருவம் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது: முதலில் சின்ன மேடு, ஒரு பள்ளம், பிறகு இரட்டை மேடு. கேட்காமலே கண்ணால் பார்த்து வெட்டுவேன். "கீது" வரும் இடங்களில் "இருக்குது" என்று திரும்பப் பேசி ஒட்டினேன். மூச்சு வாங்கும் இடங்களையும் எடுத்தேன். கால் மணி நேரப் பேச்சு ஒன்பது நிமிடமானது. வழவழவென்று, புதுக் கேஸ்கெட் மாதிரி இருந்தது. எனக்கே என்னை மிகவும் பிடித்துப்போயிற்று.

அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவரைக்காய்க் காலம். ஊறவைத்த கொட்டைகளைத் தோல் நீங்க அம்மா பிதுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம், காது சும்மா. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அவளாகக் கண்டுபிடித்து, "ஐயோ, இது நீதான!" என்று கத்த வேண்டும் என்று ஆசை.

அம்மா ஒன்பது நிமிடமும் கேட்டாள். இடையில் பிதுக்குவதைக்கூட நிறுத்தினாள். முடிந்ததும் கேட்டாள்:

"யாருடி இந்தப் பொண்ணு? இன்னா தெளிவா பேசுறா! பெரிய வூட்டுப் பொண்ணா?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் விளையாடவில்லை.

"ஆனா ஒண்ணு. லூஸா ஆன கேஸ்கெட்ட ஐஸ் தண்ணில போடச் சொல்றா பாரு, அது நான் பண்றது. நம்ம வூட்டு விஷயம் அவளுக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன். "ஆபீஸ்ல ஒரு பொண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கோபம் கொஞ்சம். இன்னொன்றும் இருந்தது, அதை மறைப்பானேன்: பெரிய வீட்டுப் பெண் என்று சொன்னாளே, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறமும் புதிதாக ஒன்று வந்தால் அம்மாவே, "அந்தப் பொண்ணு பேசுனத போடு" என்று கேட்பாள். என் குரலின் முதல் ரசிகை அவள்தான். அது என் குரல் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மொத்தம் பதினொன்று செய்தோம். அத்திபெலே அண்ணாவும் அவருக்குத் தெரிந்த சில கடைக்காரர்களும் கேட்டார்கள். பிறகு கைப்பேசிகள் மாறின. கடைக்காரர்கள் பழுதான பாகத்தைப் படமெடுத்து அனுப்பி, அவர்களே பேசியும் அனுப்பத் தொடங்கினார்கள்; "அது வந்து" சகிதம். எங்கள் வழவழப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பதினொன்றைக் காட்டித்தான் எனக்கு இந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பாய் கடையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். வலைப்பதிவின் முகவரியைத் தட்டினால், இந்த முகவரி விற்பனைக்கு என்று வருகிறது. ஒலிக்கோப்புகளும், நான் வெட்டிப் போட்டவையும் அந்தப் பழைய கணினியில் இருந்தன. அது எடைக்குப் போய்விட்டது.

போன வாரச் செய்தியின் கடைசியில் அம்மா கேட்டது இது:

"ஏம்மா, உங்க ரப்பர் கடையில ஒரு பொண்ணு பேசுவாளே, அது வந்து, நீ இப்ப பேசுனா அவளாட்டமே கீது. எனக்கே ஒரு செகண்டு யாரோன்னு ஆவுது. அந்தப் பொண்ணு இப்ப எங்க கீறா? நல்லா கீறாளா?"

இத்தனை வருடம் கழித்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவள் மகளாகவே சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. பொத்தானை அழுத்திப் பேசினேன்: "அது வந்து, இன்னான்னாம்மா, அந்தப் பொண்ணு நான்தான். இங்கதான் கீறேன்."

அனுப்புவதற்கு முன்னால் போட்டுக் கேட்டேன், பழக்கதோஷம். யாரோ ஒருத்தி எங்கள் தெருக்காரியைப் போலப் பேசிக் காட்டிக் கேலி செய்வதுபோல இருந்தது. அழித்தேன். மறுபடியும் பேசினேன். இன்னும் மோசம்.

"நல்லா இருக்கிறாம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஒரே தடவையில் தெளிவாக வந்தது. வெட்ட ஒன்றும் இல்லை.