சோப்பில் இருந்த காரம்

ஈர மஞ்சளும் பார் சோப்பும் சேர்ந்து அடிக்கும் வாடை எங்கே வந்தாலும் அப்படியே நின்றுவிடுவேன். சூலக்கரையில் எங்கள் வீட்டுத் துவைகல்லும், எட்டு வயதில் அதன்முன் நான் ஒற்றையாக நின்று அழுத சனிக்கிழமையும் கண்முன் வந்துவிடும்.

அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. அம்மா காலையில் சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் "கம்பெனி"க்கு வேன் ஏறினால் பொழுதுசாயத்தான் வருவாள். தீபாவளி "சீசன்" என்றால் சனிக்கிழமையும் லீவு கிடையாது, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் சுவரோடுதான் பேச வேண்டும். அம்மா வந்ததும் கையில் படிந்த வெள்ளிநிறப் பட்டாசு "மருந்தை"த் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிக் குளித்து, ஒரு வெள்ளைத் துண்டில் முகம் துடைப்பாள். நாளாக ஆக அது மஞ்சள் துண்டாகவே ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் எங்கோ "டம்"மென்று சத்தம் கேட்டு ஊரே ரோட்டுக்கு ஓடியது. சாயங்காலம் அம்மா வந்து, "ஒண்ணுமில்லட்டி, வெடிச்சது வேற கம்பெனி" என்றாள். நம்பித்தான் தூங்கினேன்.

மறுநாள், அவளுக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று, முதல்முறையாக அந்தத் துண்டை நனைத்துச் சோப்புப் போட்டேன். போட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! அடிபட்டதை என்னிடம் மறைத்துவிட்டாள், காயத்தோடுதான் இன்றைக்கும் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்ல? பக்கத்து வீடெல்லாம் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தது. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, சோறு இறங்காமல், வேன் வரும்வரை வாசலிலேயே கிடந்தேன்.

"யம்மா, ஒனக்கு எங்கன காயம்?" என்று சேலையைப் பிடித்து உலுக்கினேன். துண்டைப் பார்த்தவள் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! "அடிக் கூறுகெட்டவளே, சோப்புல காரம் இருக்குல்லா, மஞ்சள்ல பட்டா செவந்துரும்ட்டி" என்று ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்தாள். சிவப்பு இறங்கி மஞ்சள் திரும்பியது. காரம் என்கிறாளே என்று சோப்பை நக்கிப் பார்த்தேன். காரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இன்று பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்துகிறேன். மஞ்சள் தடவிய காகிதத்தில் காய்ந்த சோப்பை வைத்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீரில் கரைந்தால்தான் காரம் தன் குணத்தைக் காட்டும். அமிலமும் அப்படியே, இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தணித்துவிடும். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நனைத்துச் சோப்புப் போட்டேன். வெயிலும் துவைப்பும் அவள் மஞ்சளை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. எம்புட்டுத் தேய்த்தும் துண்டு சிவக்கவே இல்லை.