முழங்கால் உயரத்துக் கம்பி

பிள்ளைகளே, குளிக்கிற அறையில் இருக்கும் கம்பியை அறுத்து எடுத்துவிடலாம் என்று போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னீர்கள். முழங்காலில் இடிக்கிறது, யார் இதை இவ்வளவு கீழே வைத்தது என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன். டியூட்டி முடிந்து வந்த அசதியில் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு, எடுப்பதானால் எடுங்கள்.

2008-இல் உங்கள் தாத்தாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. ஒருநாள் உட்கார்ந்து குளித்துவிட்டு எழும்போது வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்துவிட்டார். எலும்பு உடையவில்லை. மணிக்கட்டு வீங்கி, கட்டுப் போட்டு, அடங்கிவிட்டது. நாங்களும் அதோடு மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்டுபிடித்தது உங்கள் அம்மா. நான் பஸ்ஸில் சிதம்பரம் நடை முடித்து வந்து டிக்கெட் பையைக் கழற்றுவதற்குள் சொன்னாள்.

"ஏங்க, மாமா குளிக்கிறதே இல்லன்னு தோணுது."

"தெனம் உள்ள போறாரே. துண்டு கொடியில ஈரமா காயுது."

"துண்டு ஈரமாத்தான் இருக்கு. தண்ணி ஊத்துற சத்தமும் கேக்குது. சோப்புதான் காஞ்சி வெடிச்சிக் கெடக்கு, போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். சோப்பில் ஆற்றுப் படுகை போல வெடிப்பு. மனிதர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தரையில் தண்ணீரை ஊற்றி, துண்டை நனைத்துப் பிழிந்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் சளி பிடிக்கிறது என்று எப்போதோ நிறுத்திவிட்டார். சளி இல்லை, பயம்.

பயமா என்று அவரிடம் கேட்க முடியாது. நான் குளிப்பாட்டி விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் என்ன பொணமா, நீ குளிப்பாட்டுறதுக்கு?" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். ஈரத்தில் அதன் கால் நழுவியது. கோணிச் சாக்கை விரித்தேன். அது பாசி பிடித்து முன்னைவிட மோசமானது. வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரு ஓய்வு நாளில் கொத்தனாரைக் கூட்டிவந்து வழவழவென்றிருந்த சிமெண்டுத் தரையைப் புள்ளி புள்ளியாகக் கொத்தவைத்தேன். தாத்தா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"அம்மி மாதிரி கொத்திட்டியே, என்ன அரைக்கப் போற?"

ஒரு ஓரத்தில் கல் வைத்து, உட்கார ஒரு மேடையும் கட்டினோம். அடுத்து, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மாமாவைக் கூப்பிட்டு, பஸ்ஸில் இருக்கிற மாதிரி மார்பு உயரத்துக்குச் சுவரில் ஒரு கம்பி அடிக்கச் சொன்னேன். தாத்தா அதில் துண்டைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சோப்பு அப்படியேதான் கிடந்தது. எனக்கு அலுத்துவிட்டது. காலெல்லாம் கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் ஒரு கம்பி, இங்கேயும் பிடிக்காத ஒரு பயணி.

ஒருநாள் வண்டி புதுச்சத்திரம் ஸ்டாப்பில் நின்றது. பெரியவர் ஒருத்தர் இறங்க எழுந்தார். "கம்பியப் புடிங்க பெரியவரே" என்றேன். எத்தனையோ வருஷமாகச் சொல்கிற வார்த்தை. அவர் தலைக்கு மேலே இருந்த கம்பியைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்திருந்த சீட்டின் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி, அமுக்கி, எழுந்தார். பரங்கிப்பேட்டை போகிறவர்கள் இறங்கும் முட்லூரிலும் அப்படித்தான், ஒரு கிழவி. வயதானவர்கள் மேலே பிடித்து இழுத்து எழுவதில்லை, கீழே ஊன்றித்தான் எழுகிறார்கள். தாத்தாவுக்கோ மூட்டை தூக்கிய தோள், கை மேலேயே போகாது. விழுவதற்கு முன்னெல்லாம் குளித்துவிட்டு அவர் எதை ஊன்றி எழுந்திருப்பார் என்று யோசித்தேன். பக்கெட் விளிம்பைத்தான். அவர் விழுந்த அன்றைக்கு அதுதான் கவிழ்ந்திருக்கும்.

மறுபடி பட்டறை மச்சானைக் கூப்பிட்டேன்.

"மாமா, போன தபா அடிச்சதே துண்டு காயப்போடத்தான் ஆச்சி. இப்ப முழங்கால் ஒயரத்துல எதுக்கு? பெரியவருக்கு அர டிக்கெட்டா?"

"சொன்ன எடத்துல அடி மச்சான். ரெண்டு பேரு ஏறி நின்னாலும் ஆடக்கூடாது."

அவன் ஏறி நின்றே காட்டினான். தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னா, கோழி ஒக்கார்றதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எதற்கென்று நான் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, முதல் நடை போய்விட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தேன். தாத்தா உங்கள் அம்மாவிடம், "நல்லெண்ண இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவரே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, சீயக்காய்க் கிண்ணத்தோடு உள்ளே போய்த் தாழ் போட்டார்.

நான் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண் சொருகியது, ஆனால் காது விழித்திருந்தது. வெறும் தரையில் ஊற்றினால் தண்ணீர் ஒரே சத்தமாக விழும். ஆள் மேல் ஊற்றினால் உடைந்து உடைந்து, தாமதமாக விழும். அன்றைக்கு உடைந்து விழுந்தது. நடுவில் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு செருமல். பிறகு எழுந்திருக்கிற நேரம், சத்தமே இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். தாழ் திறந்தது.

"தண்ணி சூடு பத்தல," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். காது மடலுக்குப் பின்னால் சீயக்காய் ஒட்டியிருந்தது.

அவர் போனபின் நான் உள்ளே போனேன். கீழ்க்கம்பியில் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் மினுமினுத்தது. அடுத்த தடவை அதே இடத்தில் கை வழுக்கும். கதவைச் சாத்திவிட்டு அந்த மேடையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த சீயக்காயை வழித்தெடுத்துக் கம்பியைத் தேய்த்துக் கழுவினேன்.