ஏரிக்கரையில் கல்லறைத் திருநாள்

கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, ஹில்டா டீச்சர் மண்டபத்துப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூலையில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டினார். எத்தனையோ தலைமுறை பார்த்த சீனத்து மண்டபம். சிவப்புத் தூண்கள், நுனி தூக்கிய கூரை, கீழே ஏரி. சுற்றிலும் ஊர்ப்பட்ட ஜனம் படமெடுத்துக்கொண்டிருக்க, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மண்டிபோட்டுப் படி கழுவினார்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. ப்ளீஸ், எழுந்திரும்மா" என்றாள் மகள் கெசியா.

"பாக்கட்டும். கல்லறையைக் கழுவாம மெழுகுவர்த்தி ஏத்துவாங்களா?"

டீச்சரின் சுபாவம் அது. கல்லறைத் திருநாள் வந்தால் வாளி, துடைப்பம் சகிதம் தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மாமனார் கல்லறையை முடித்த கையோடு, கேட்பாரற்றுக் கிடக்கும் பக்கத்துக் கல்லறைகளுக்கும் ஆளுக்கொரு வாளி. "அவங்களுக்கும் யாராவது வேணும்ல?" என்பார். சாமந்திக்குப் பேரம் பேசும்போது மட்டும் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். ஊரார் கல்லறையையெல்லாம் கழுவியவருக்கு, பெற்ற பிள்ளைக்குக் கழுவ ஒரு கல்லறை இல்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

மகன் ஜேசன் சீனாவில், இந்த ஊரில்தான் மருத்துவம் படித்தான். கொரோனா வந்து விமானங்கள் நின்றுபோன நாட்களில் காய்ச்சலில் போய்விட்டான். உடலை அனுப்ப வழியில்லை, எரித்துவிட்டார்கள். கூடப் படித்த ஜெஃப்ரி, சாம்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஜேசன் மாலை வேளைகளில் வந்து உட்காரும் இந்தப் படியிலிருந்தே ஏரியில் கரைத்துவிட்டான். மண்ணுக்குப் போகவேண்டிய பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டானே என்று டீச்சருக்கு அவன்மேல் இன்னும் ஆறவில்லை. அவன்தான் பாவம், வேறென்ன செய்வான்?

படி காய்ந்ததும் டீச்சர் கைப்பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றினார். சீருடைக் காவலாளி ஒருவர் ஓடிவந்து ஊதி அணைத்து, அதைப் பிடுங்கிக்கொண்டார். தூணைத் தட்டிக் காட்டி ஏதோ படபடத்தார்.

கெசியா ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். "எல்லாம் பழைய மரமாம்மா. நெருப்பே கூடாதாம்."

"என் பையன் இங்கதான் இருக்கான்னு சொல்லுடி."

கெசியா தட்டினாள், ஃபோன் சீனத்தில் பேசியது. காவலாளி தொப்பியைக் கழற்றினார், டீச்சரைப் பார்த்துத் தலை குனிந்தார். ஆனாலும் மெழுகுவர்த்தியைத் திருப்பித் தரவில்லை. அவர் வேலை அவருக்கு. டீச்சர் மல்லுக்கு நிற்கவில்லை. கடல் தாண்டி வந்தும் பிள்ளைக்கு ஒரு சுடர் காட்ட முடியவில்லையே என்று இடிந்துபோய் நின்றார்.

கழுவிய படியில் ஒரு சீனத்துப் பெண் வந்து உட்கார்ந்து, மீன்களுக்கு ரொட்டி போடத் தொடங்கினாள். கொழுத்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஜேசனைக் கரைத்த தண்ணீர் அது. கெசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும், வாம்மா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் நகரவில்லை, மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, சிரித்துக்கொண்டே மிச்ச ரொட்டியை அவரிடம் நீட்டினாள்.

டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்களை மூடி, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை முணுமுணுத்தார். பிறகு குனிந்து, சின்னச் சின்னதாகப் பிட்டுத் தண்ணீரில் போட்டார்.