அதிகாரிக்காகப் பெருக்கிய ஆறு

டீ கெட்டுப்போனால் ஜனங்கள் முதலில் பாலைச் சந்தேகப்படுவார்கள். அப்புறம் தூளை. அப்புறம் டீ போடுகிறவனை. தண்ணீரைச் சந்தேகப்பட எங்கள் ஊருக்குப் பாதிக் கோடை பிடித்தது. அதற்குள் என் பெயர் வேண்டிய அளவுக்கு நாறிவிட்டது.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆற்றங்கரையில் இருந்தது. பஸ் வந்து திரும்புகிற இடத்தில் என் டீக்கடை. ஊருக்கு நான் பாய், என் மனைவி பாயம்மா. ஊர் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, டீ போட்டால் கருத்துப்போகும். அதனால் குடிக்க, சமைக்க, டீ போட, எல்லாவற்றுக்கும் ஆற்று ஊற்றுத்தான். மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊறி வருவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஆறு கர்நாடகத்து மலையில் பிறந்து வருவது. அந்த மலைத் தண்ணீரின் ருசியை எங்கள் மணல் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. லாரிக்காரர்கள் பெரிய ரோட்டை விட்டு இறங்கி என் கடைக்கு வந்தது என் முகத்தழகுக்காக இல்லை.

எண்பதுகளில் ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்தபோது, எங்களுக்கு மேலே ஆற்றோரமாக ஒன்று வந்தது. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற கம்பெனி. நாங்கள் சந்தோஷப்பட்டோம். பூஜை அன்றைக்கு மேளம் எங்கள் ஊரிலிருந்துதான் போனது. சிலருக்கு வேலை கிடைத்தது, எனக்கு ஷிப்டு முடிகிற நேரத்து வியாபாரம் கிடைத்தது. வரவேற்பில் எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

மறு வருஷம் கோடையில் பால் திரிய ஆரம்பித்தது. கொதிக்கிற டீயில் பாலை ஊற்றினால் பொட்டுப் பொட்டாகப் பிரிந்து மிதக்கும். "என்னா பாய், மோரு ஊத்தி டீ போட்றியா?" என்று ஒரு லாரி டிரைவர் கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான் நேராகப் பால்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அதே பாலை ஊற்றிக் காய்ச்சி ஒரு சொம்பு டீயை என் கையில் கொடுத்தார். ஒரு பொட்டுகூடத் திரியவில்லை. அதைக் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு நல்ல டீயை அவ்வளவு எரிச்சலோடு குடித்தது அன்றைக்குத்தான்.

பாயம்மா அப்போது சொன்னாள்: "ஊத்துல கைய வெச்சா அரிக்குதுன்னு நோம்புலயே சொன்னேன். நோம்பு அசதின்னீங்க."

ஆற்றில் போய்ப் பார்த்தேன். கரையோரம் நுரை ஒதுங்கி நின்றது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஊற்றில் தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது, வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது. ஊற்று போனால் கடை போயிற்று. டீ போடுவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் நல்ல கிணறு இருந்தது. தோப்புக்காரர் பெரிய மனசு பண்ணி, மழை வரும்வரை மொண்டுகொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அர்த்தம். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து டீ போட்டேன். ஊற்றுத் தண்ணீரைக் கிளாஸ் கழுவுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆற்றைக் காப்பாற்ற ஒரு குழு ஏற்பட்டது. பெஞ்ச் இருக்கிற ஒரே இடம் என் கடை என்பதால் கூட்டமும் அங்கேதான். தலைவர், பள்ளிக்கூடத்து வாத்தியார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். வெளுத்த வேட்டியில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு வெளியில் வரமாட்டார். குழுவின் பலம், தக்காளித் தோட்டக்காரம்மா. திட்டுவது தெலுங்கில், விலை பேசுவது கன்னடத்தில், நியாயம் கேட்பது தமிழில். ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து அவர் செடியெல்லாம் சுருண்டு போயிருந்தது. அதனால் அந்த வருஷம் மூன்று மொழியிலும் திட்டிக்கொண்டிருந்தார்.

மனு எழுதினோம். ஓசூரில் ஒரு ஆபீசில், இது கர்நாடகத்திலிருந்து வருகிற அழுக்கு, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். பஸ் ஏறி எல்லை தாண்டிப் போனோம். அங்கே இருந்தவர் காப்பி வாங்கிக் கொடுத்து, கன்னடத்தில் வெகு நேரம் அன்பாகப் பேசினார். தக்காளிக்காரம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா சொல்றாரு?" என்றேன்.

"தமிள்நாட்டு அளுக்குன்றாரு. ஆனா ரொம்ப நல்ல மன்சன்" என்றார்.

கம்பெனி எங்கள் ஊருக்கு மேலே கூப்பிடு தூரத்தில் இருந்தது. அது எந்த ராஜ்ஜியம் என்று மாட்டுக்குக்கூடத் தெரியும்.

விடாமல் மனு எழுதியதில் கடைசியாக ஒரு பதில் வந்தது. ஆற்றைப் பார்வையிட ஒரு அதிகாரி நேரில் வருகிறார். கடையில் எல்லோருக்கும் இலவச டீ கொடுத்தேன். அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதிகாரி என்று எவர் வந்தாலும் ஊரைப் பெருக்கிவிடுவோம். ஜமாபந்திக்கு நிலக் கணக்குப் பார்க்க வந்தாலும் சரி, அம்மை ஊசி போட வந்தாலும் சரி. தெரு பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டு, இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரைக் கோடாக இழுத்து, கிழிசல் துணியெல்லாம் கொடியிலிருந்து எடுத்துவிடுவோம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் பாயை விரிக்கிற மாதிரித்தான்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் வாத்தியார் கரையில் நின்று பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "என்ன பாய் இது, இப்படிக் கெடக்கு? அவ்வளவு பெரிய மனுசன் வாராரு. நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரே இறங்கியது. செத்த மீன்களைக் கூடையில் அள்ளிப் புதைத்தோம். நுரையைத் தொடப்பத்தால் ஒதுக்கி, முறத்தால் வாரி எடுத்தோம். கரையெல்லாம் பெருக்கி பிளீச்சிங் பவுடர் போட்டோம். தக்காளிக்காரம்மாவின் சொந்தக்காரர்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள். அந்த ஊர் ஏரி வழிந்து வருகிற ஓடை எங்களுக்குச் சற்று மேலேதான் ஆற்றில் சேரும். அவர் போய்த் தெலுங்கில் அழுது கெஞ்சி, மதகைத் திறந்துவிடச் சம்மதிக்க வைத்தார். விடிந்து பார்த்தால் ஆறு கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு இறங்கும் படித்துறையில் யாரோ கோலமே போட்டிருந்தார்கள். அட, நம்ம ஆறா என்று எனக்கே பெருமையாக இருந்தது. கம்பெனியில் வேலை செய்கிற பையன்கள்கூட லீவு போட்டு வந்து நுரை அள்ளினார்கள், அவ்வளவு ஒற்றுமை.

ஜீப் புழுதி தெரிந்தது. மாலையோடு எல்லோரும் வரிசையாக நின்றோம். பாயம்மா கடை வாசலிலிருந்து ஆற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, நாத்தத்தக் காட்டத்தான அவரக் கூப்ட்டீங்க?" என்றாள்.

வாத்தியார் திரும்பி ஆற்றைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். தக்காளிக்காரம்மா தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

அதிகாரி நல்ல மனிதர். இளவயசு. கரையில் இறங்கி நடந்தார், குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "நான் பார்த்த ஊர்லயே ஆத்த இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கறது நீங்கதான்" என்றார். ஒருவர் இருமினார். "சார், இது நேத்து வரைக்கும் இப்படி இல்ல" என்று வாத்தியார் ஆரம்பித்தார். அவர் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னதால் அது பொய் போலவே இருந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடைக்கு வந்து டீ குடித்தார். தோப்புக் கிணற்றுத் தண்ணீரில், இருக்கிற திறமையெல்லாம் காட்டிப் போட்ட டீ. "பிரமாதம் பாய். தண்ணியோட ருசி" என்றார்.

ஆறு நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் வந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கொரு நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. குழு கொஞ்ச நாள் கூடவில்லை. வாத்தியார் என் கடைப் பக்கம் வராமல் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனார். எனக்கு எல்லோர் மேலும் கோபம். வாத்தியார் மேல், தொடப்பத்தின் மேல், ஊரின் மானத்தின் மேல். பாயம்மா மேல்தான் அதிகம், அவள் ஒரு நாள் முன்னாடி கேட்டிருக்கலாம். "ஊரே பெருக்கறப்ப நான் மட்டும் எப்படிக் கேக்கறது? நானுந்தான பெருக்கினேன்" என்றாள்.

வானம் இருட்ட ஆரம்பித்தது. மழை வந்தால் தோப்புக் கிணறு முடிந்தது. கடையை மூடிவிட்டு ஊத்தங்கரைப் பக்கம் மச்சான் வீட்டுக்கே போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு மத்தியானம், அதே ஜீப் வந்து கடை முன்னால் நின்றது. சொல்லாமல் கொள்ளாமல்.

"இந்தப் பக்கமா வேற வேலையா போனேன். அன்னிக்குக் குடிச்ச டீ ஞாபகம் வந்துடுச்சு பாய்" என்றார் அதிகாரி.

நான் பாய்லர் பக்கம் திரும்பினேன். இரண்டு குடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாயம்மா தோப்புத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளாஸ் கழுவுகிற குடம் மட்டும் நின்றது. அந்தத் தண்ணீரில் டீ கொதிக்க வைத்து, அவர் கண் முன்னாலேயே பாலை ஊற்றினேன். பொட்டுப் பொட்டாகப் பிரிந்து மிதந்தது.

"பால் கெட்டுப்போச்சு போல பாய்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. குடிக்காதீங்க. கொஞ்சம் என்கூட வாங்க."

கரைக்குக் கூட்டிப்போனேன். பெருக்காத கரை. நுரை முழங்கால் உயரத்துக்கு நின்று காற்றில் ஆடியது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கு நான் பார்த்தது?"

"அது நீங்க வர்றீங்கன்னு சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, வீட்ல திருடு போச்சுன்னு போலீசக் கூப்பிட்டுட்டு, ஒடஞ்ச பூட்டயும் மாத்தி, வெள்ளையும் அடிச்சு வெப்பீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். போலீஸ் வருகிறது என்றால் எங்கள் ஊரில் கட்டாயம் வெள்ளையடிப்பார்கள். சொல்லவில்லை.

அவர் டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பிலிருந்து பாட்டில்களை எடுத்துவரச் சொல்லி, ஊற்றிலும் ஆற்றிலும் கம்பெனிக் கழிவு வாய்க்காலிலும் தண்ணீர் பிடித்தார். போகும்போது, "இனிமே யாரு வந்தாலும் தொடப்பத்தத் தொடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஆபீசுக்கும் கம்பெனிக்கும் நடந்த இழுபறி எனக்கு முழுக்கத் தெரியாது. ஒரு நாள் எங்கள் ஊருக்கு மேலே இருந்த வாய்க்காலை மூடினார்கள். மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். இரண்டு மழையில் மணல் கழுவிக்கொண்டு போய், ஊற்று பழைய ருசிக்கு வந்தது. முதல் டீயை வாத்தியாருக்குத்தான் கொடுத்தேன். திரியாத டீயைக் குடித்துவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வேட்டி கசங்கியதைக்கூடப் பார்க்கவில்லை. லாரிகள் திரும்ப வந்தன. தக்காளிக்காரம்மா பழையபடி ஒரே மொழியில் திட்டினார். குழாய் எங்கே போய் முடிகிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு கீழ்ப்பக்கம் வளைந்து போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு காலையில் கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்க்காரர், சந்தையில் பார்த்த முகம். கையில் புதுத் தொடப்பக் கட்டு, தோளில் பிளீச்சிங் பவுடர் மூட்டை. டீ கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸையே பார்த்தார்.

"உங்க ஊத்துத் தண்ணி தங்கம் பாய். எங்க ஊத்துல டீ போட்டா பாலு திரிஞ்சு பூடுது. ஆத்துல ஒரே நொரை."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "இதெல்லாம் எதுக்கு?" என்று மூட்டையைக் காட்டிக் கேட்டேன், கேட்காமலே தெரிந்திருந்தும்.

"அலைஞ்சு அலைஞ்சு, நாளைக்கு ஆபீசர் வர்றாரு பாய். ஊரே ஆத்துல எறங்கி நிக்குது" என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

தொடப்பக் கட்டை அவர் கையிலிருந்து வாங்கி என் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, கடையைப் பாயம்மாவிடம் ஒப்படைத்தேன். "சைக்கிள்ல பின்னால ஏறுங்க" என்றேன் அவரிடம்.